ரெஜினாவின் நைட்டியில் எழுதிய அறிக்கை

என் பெட்டி வரவில்லை. தூத்துக்குடி விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. கூட வந்தவர்கள் எல்லாரும் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பெட்டி சென்னைலயே நின்னுட்டு மேடம், நாளைக்கு வந்துரும்" என்றாள். பெட்டியே யோசித்து எடுத்த முடிவு மாதிரிச் சொன்னாள். என்னிடம் மிஞ்சியது ஒரு தோள்பை. அதில் மடிக்கணினி, பாஸ்போர்ட், ரெஜினாவுக்கென்று கொழும்பில் வாங்கிய தேயிலை இரண்டு பொட்டலம்.

ரெஜினா வெளியே காத்திருந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். ஒரு நரை இல்லை. "ஏளா, மெலிஞ்சு போய்ட்டியே!" என்று கட்டிப்பிடித்தாள். நான் மெலியவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் மனதாரச் சொல்கிறாள், அதுதான் எரிச்சல்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், கொழும்பில் பல்கலைக்கழகத்தில் வேலை. ரெஜினா மணப்பாட்டுக்காரி. பெங்களூரில் ஆறு வருடம் ஒரே விடுதி அறையில் இருந்து முனைவர் பட்டம் வாங்கினோம். இரண்டு பேருக்கும் ஒரே துறை, கேலக்ஸி எனும் விண்மீன் மண்டலங்கள். படிப்பு முடிந்ததும் அவள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். தொலைநோக்கி கிடையாது, வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள் திருத்தம். பாவம், இவ்வளவு படித்தும் இப்படி ஆகிவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். உண்மையைச் சொன்னால், பத்து வருடம் அந்த வருத்தத்தில் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி போன மாதம் போய்விட்டது. ஒரு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல்: கட்டுரை ஒன்று வந்திருக்கிறது, நடுவராக இருந்து கருத்துச் சொல்ல முடியுமா? எழுதியவர் ரெஜினா, கூட அவளுடைய நான்கு மாணவர்கள். எங்கள் தொழிலில் வழக்கம் இப்படி: கட்டுரை யாருடையது என்று நடுவருக்குத் தெரியும், நடுவர் யார் என்று எழுதியவருக்குக் கடைசி வரை தெரியாது. அதனால் எழுதியவருக்கு நண்பரோ போட்டியாளரோ நடுவராக இருக்கக் கூடாது. நான் இரண்டும். அதே விஷயத்தில் எட்டு வருடமாக என் கட்டுரை ஒன்றும் பாதியில் கிடக்கிறது. படிவத்தில் 'எனக்கும் கட்டுரை எழுதியவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, தூத்துக்குடி மில்லர்புரத்தில் கட்டிய புதுவீட்டைப் பாதிரியார் வந்து ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கு வா என்று ரெஜினா போன் செய்தாள். அதற்கும் சரி என்றேன்.

விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிய ஜீப்பை ஓட்டியவன் அவள் தம்பி சூசை. மணப்பாட்டில் பைபர் படகு வைத்திருக்கிறான். பின் சீட்டில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு கிடந்தது. எங்கள் ஊரிலும் உண்டு, அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் ஆக்குவோம். ஆனால் இங்குள்ளவை தடியாக இருந்தன என்பதைக் குறித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் எல்லாவற்றையும் அப்படித்தான் குறித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே படிப்புன்னு அக்கா சொல்லுதா. அப்படி என்னதான்க்கா பாக்குதீங்க?" என்று சூசை என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா ஒரு கிழங்கை உருவிவிட்டாள்.

"ஏலே, நட்சத்திரமெல்லாம் கூட்டங்கூட்டமா தோசை மாதிரி தட்டையா சுத்திக்கிட்டு கெடக்கும். பாதிக்கு மேல தோசைல நடுவுல இந்தக் கெழங்கு மாதிரி ஒரு தண்டு இருக்கும், அதுவும் நட்சத்திரந்தான். மேல இருந்து பாத்தா பட்டுன்னு தெரிஞ்சிரும். ஆனா சில தோசை நமக்கு வெளிம்பத்தான் காட்டும். அப்ப உள்ள தண்டு இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

கிழங்கைக் குறுக்காகப் பிடித்தாள். "இப்படிக் கெடந்தா நீளம் தெரியும். நடுவுல நெலக்கடல ஓடு மாதிரி ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்கும், கண்டுபிடிச்சிரலாம்." பிறகு கிழங்கின் நுனியைச் சூசையின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இப்படி நம்மளப் பாத்து நின்னா?"

"உருண்டையாத்தான் தெரியும். எக்கா, ரோட்ட மறைக்காத!"

பத்து வருடமாக நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவது இதைத்தான். கிழங்கு வைத்து விளக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

வீடு நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. கடற்காற்று வருகிற மாதிரி ஜன்னல், அடுப்படியில் நின்றால் முருங்கை மரம் தெரியும். எனக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டி. தன் கணவர் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லை என்றாள். அதில் கூட எனக்குப் பொறாமைதான் வந்தது. என் கணவர் வருடம் முழுக்க இருக்கிறார்.

இரவுச் சாப்பாடு இடியாப்பமும் சொதியும். சொதி எங்கள் சொத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துச் சொதி மஞ்சள் போட்டுத் தண்ணீராக இருக்கும், ஊற்றிக் குடிக்கலாம். இவர்களுடையது கெட்டித் தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எங்கட சொதி வேற மாதிரி" என்று மட்டும் சொன்னேன். எது நல்லது என்று சொல்லவில்லை.

சாப்பிடும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். சிலி நாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கியில் நான்கு இரவு கேட்டு விண்ணப்பிக்கப் போகிறாள். இந்த மாதக் கடைசிக்குள் அவள் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டால்தான் விண்ணப்பம் செல்லும். கிடைத்தால் மாணவி முத்துலட்சுமியையும் கூட்டிப் போவாள். "அவ அப்பா கருப்பட்டிக் கடை வச்சிருக்காரு. மதுரையத் தாண்டினது இல்ல அந்தப் பிள்ள."

"கட்டுரை இப்ப எங்க நிக்குது?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"நடுவர்ட்டதாம்ளா. எந்தப் புண்ணியவான்னு தெரியல, மேல ஏறி உக்காந்துட்டான்." இஞ்சிப் பச்சடியை என் பக்கம் தள்ளினாள். "ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

பெட்டி இல்லாததால் அவளுடைய நைட்டி ஒன்றைக் கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது. எனக்கு அது இறுக்கமாக இருந்தது.

மறுநாள் காலை பெட்டி வரவில்லை. அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு அவளுடைய கல்லூரிக்குப் போனேன். ஆய்வுக்கூடம் என்று அவள் காட்டியது ஒரு கணினி அறை. ஆறு கணினி, ஒரு மின்விசிறி, விசிறிக்குக் கீழே மட்டும் காற்று. சுவரில் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது: 'விடை தெரிந்தவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.'

முத்துலட்சுமி விளக்கினாள். ஒல்லியான பெண், கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டே பேசினாள். "இங்க ஒரு மொற வச்சிருக்கோம் மேடம். விளிம்பு காட்டுற கேலக்ஸி படத்த ஒவ்வொருத்தருக்கும் மூணு தடவ காட்டுவோம். ஒரு தடவ நேரா, ஒரு தடவ கண்ணாடில தெரியுற மாதிரி, ஒரு தடவ தலகீழா. மூணும் ஒரே படம்னு சொல்ல மாட்டோம். நடுநடுவுல நாங்களே கம்ப்யூட்டர்ல செஞ்ச பொய்ப் படமும் வரும். செஞ்ச ஆளு அன்னைக்குப் பரீட்சைல உக்கார மாட்டாங்க."

"அதுதான் சுவரில எழுதியிருக்கோ?"

"ஆமா மேடம். விடை தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்னு மிஸ் சொல்லுவாங்க."

"நீயும் உக்காரு," என்றாள் ரெஜினா.

உட்கார்ந்தேன். என் முனைவர் பட்டமே இந்தக் கண்ணால் வாங்கியது. முப்பது மண்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதில் தண்டு இருக்கிறது, இதில் இல்லை என்று நான் எழுதிய கட்டுரைதான் என் முதல் கட்டுரை, சொல்லப்போனால் என் ஒரே உருப்படியான கட்டுரை. கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். நிலக்கடலை, குறுக்குத் தண்டு. பெட்டி மாதிரிச் சதுரம், சாய்ந்த தண்டு. உருண்டை, தண்டு இல்லை. உருண்டை, தண்டு இல்லை.

முடிந்ததும் முத்துலட்சுமி முடிவை வாசித்தாள், எல்லார் முன்னாலும். அதுதான் அங்கே வழக்கமாம், யாருக்கும் விலக்கு இல்லை. குறுக்கே கிடக்கும் தண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தேன். எங்களைப் பார்த்து நேராக நிற்கும் தண்டு ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. எல்லாம் உருண்டை என்று சொல்லியிருந்தேன்.

"அப்புறம் மேடம்," கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள், "ஒரே படத்துக்கு நேரா பாக்கும்போது பெட்டின்னு சொன்னீங்க. தலகீழா பாக்கும்போது உருண்டைன்னு சொல்லிட்டீங்க."

பின்னால் ஒரு பையன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"கவலப்படாதீங்க மேடம். நேரா நிக்கிற தண்டு யாரு கண்ணுக்கும் தெரியாது. அதுக்குத்தான் மிஸ் வேகத்தப் பாக்கச் சொல்லுவாங்க." அதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். தட்டில் உள்ள நட்சத்திரங்கள் வட்டமாகச் சுற்றும். தண்டில் உள்ளவை நீளவாக்கில் போய் வரும். தண்டு நம்மைப் பார்த்து நின்றால் அவை மற்றவற்றைவிட வேகமாக நம் பக்கம் வரும், விலகிப் போகும். படத்தில் உருண்டையாகத் தெரிகிற இடத்திலேயே இரண்டு விதமான வேகம் கலந்து கிடக்கும். யாரோ எடுத்துப் பொதுவில் போட்டு வைத்திருக்கும் தரவிலிருந்து, ஆறு கணினியையும் ஒரு மின்விசிறியையும் வைத்துக்கொண்டு இவள் அதைப் பிரித்து எடுத்திருக்கிறாள். எங்கள் பல்கலைக்கழகத்தில் தொலைநோக்கி இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

வாசலில் செருப்புப் போடும்போது ரெஜினா மெதுவாகக் கேட்டாள்: "ஏளா, அதுல உருண்டைன்னு சொன்ன ஏழு படம், எங்கயோ பாத்த மாதிரி இல்ல?"

"இல்லையே," என்றேன்.

அவள் வேறு ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "சரி, வெயிலு ஏறுது, வா," என்றாள்.

மத்தியானம் நெய்மீன் குழம்பு. எங்கள் ஊரில் அறக்குளா என்போம். ருசி தெரியவில்லை. ரெஜினா மந்திரிப்புக்குச் சாமான் வாங்கப் போனாள். நான் நைட்டிக்கு மாறி, அவள் கொடுத்த அறையில், அவள் மேசையில், அவள் வைஃபையில் மடிக்கணினியைத் திறந்தேன். அறிக்கைக்குக் கெடு அன்றுதான்.

கையெல்லாம் ஆங்கிலம் ஊறியது. மாதிரி எண்ணிக்கை போதாது. வேகத் தரவின் நுணுக்கம் ஐயத்துக்குரியது. கட்டுரையாளர்கள் இத்துறையின் முக்கியமான முந்தைய ஆய்வொன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன், என் பெயர் இல்லை. ஒரு இடத்தில்கூட இல்லை. அவளுக்குத் தெரியாத கட்டுரையா அது? அதை நான் எழுதும்போது பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு தட்டச்சுப் பிழை பார்த்தவளே அவள்தானே! முன்னுரையில் இந்த ஆய்வைக் குறிப்பிட வேண்டும் என்று எழுதினேன். முறைப் பகுதியிலும் குறிப்பிட வேண்டும். முடிவுரையிலும். 'பெரிய திருத்தம் தேவை' என்று குறித்தேன். அப்படிக் குறித்தால் குறைந்தது இரண்டு மூன்று மாதம் இழுக்கும். அதற்குள் என்னுடையதை அனுப்பிவிடலாம். பொத்தானை அமுக்கிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. வீடும் மந்திரிக்கப்பட்டது. பங்குத் தந்தை ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். நான் தங்கிய அறையில் என் மடிக்கணினி மேலும் நாலு சொட்டு விழுந்தது. துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். ரெஜினா வந்தவர்களிடமெல்லாம் என்னைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இவதான் என் ரூம்மேட். என்னவிடக் கெட்டிக்காரி. கொழும்புல பெரிய புரொபசர்." பிரியாணி வைத்த அம்மாள் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நல்லாச் சாப்பிடணும்லா" என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

சாயங்காலம் பஜாரில் மக்ரூன் வாங்கப் போனேன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட கூம்பு, வாயில் போட்டதும் கரைந்துவிடும். எங்கள் ஊரில் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் போலிருக்கிறது. "அம்மாவுக்கு ஒரு கிலோ வாங்கு" என்றான் ஒருவன். "என் பெண்சாதிக்கு?" "அவளுக்கும் ஒரு கிலோ. இல்லாவிட்டால் நிறுத்துப் பார்ப்பாள்." நான் சிரித்ததும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நானும் கொழும்புதான் என்று அவர்கள் மொழியில் சொன்னேன். கடை அண்ணாச்சி, "நீங்க எந்த ஊரும்மா, எல்லா பாஷையும் பேசுதீய" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நம்ம ஊருதான்" என்று ஒரு கூம்பு சும்மா கொடுத்தார்.

நாலாம் நாள் மணப்பாடு. ரெஜினா பிறந்த ஊரை நான் பார்த்தே ஆக வேண்டுமாம். சூசை குறுக்குவழி என்று கடற்கரை ஓரமாக விட்டான். ஊர் கண்ணில் படும் தூரத்தில் ஜீப் மணலில் முன்சக்கரம் முழுக்கப் புதைந்தது. "பொறந்து வளந்த ஊருல வண்டிய மணல்ல விடுதியேல!" என்று ரெஜினா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கோயிலிலிருந்து வந்த நாலு பெண்கள் முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ள வந்தார்கள். நானும் தள்ளினேன். என் சொந்தச் சேலை, மூன்று நாள் காத்திருந்து கிடைத்தது, முழங்கால் வரை நாசம்.

திருச்சிலுவைக் கோயில் மேட்டின் ஓரத்தில் பாறை மேல் உட்கார்ந்தோம். வெயில் இருந்தும் காற்றில் தெரியவில்லை. அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றோம். கீழே படகுகள் வந்துகொண்டிருந்தன. நேராக எங்களைப் பார்த்து வருபவை வெறும் புள்ளிதான். கரைக்குப் பக்கத்தில் வந்து திரும்பும்போதுதான் இத்தனை நீளமா என்று இருந்தது. எவ்வளவு அழகான ஊர், இதில் பிறந்துவிட்டு என்னோடு பெங்களூரில் ஈரம் காயாத அறையில் ஆறு வருடம் ஏன் கிடந்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் போன் ஒலித்தது.

"நடுவர் அறிக்கை வந்துட்டு!" என்று எழுந்தே விட்டாள். இரண்டே நாளில் ஆய்விதழ் ஆசிரியர் அனுப்பிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வரும் என்றே கணக்குப் போட்டிருந்தேன்.

தம்பிக்காகத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். "மாதிரி போதாதாம்... சரி. தரவு நுணுக்கம் சந்தேகமாம்... அதுக்குப் பதில் இருக்கு. முக்கியமான முந்தைய ஆய்வ நாங்க கவனிக்கலையாம். முன்னுரைல அதச் சேக்கணுமாம்." விரலால் தள்ளினாள். "முறைப் பகுதிலயும் சேக்கணுமாம்." இன்னும் தள்ளினாள். குரல் மெதுவானது. "முடிவுரைலயும்."

"எந்த ஆய்வு, எக்கா?" என்றான் சூசை.

ரெஜினா என்னைப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏளா, அந்தப் பேப்பர உன்னையும் என்னையும் தவிர இந்த உலகத்துல யாருளா படிச்சிருக்கா!"

விஷயம் புரியாமல் சூசையும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் நின்றது.

"எப்ப எழுதுன?"

"முந்தநாள். மத்தியானம்."

"எங்கன வச்சு?"

"உன்ரை வீட்டில."

"என் நைட்டியப் போட்டுக்கிட்டா?"

"ஓம்," என்றேன்.

அவள் மறுபடி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். உட்கார்ந்தாள். கையில் இருந்த கிழங்கைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். சூசை படகைப் பார்க்கப் போகிறேன் என்று இறங்கிப் போய்விட்டான்.

"உன் பேர ஏன் போடலன்னு நெனச்ச? பொறாமையின்னா?"

அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க எனக்குத் தெரியும்?

"நீ முப்பது கேலக்ஸி பாத்து எழுதினேல்லா, அதுல ஏழு தப்பு. நேரா நிக்கிற தண்டு. உருண்டைன்னு எழுதியிருக்க. வேகத்தப் பாத்தா ஏழுலயும் தண்டு இருக்கு. மொத வரைவுல எழுதிட்டேன், இன்னார் தப்பாச் சொன்னாங்கன்னு உன் பேரப் போட்டு. அப்புறம் படிச்சுப் பாத்தேன். மனசு வரல. அடிச்சிட்டேன்." கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்த ஏழையுந்தான் பரீட்சைல வச்சேன். பாத்தா உனக்கே தெரிஞ்சிரும், நீயே சொல்லுவ, அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து அந்த முப்பதையும் திருப்பிப் பாத்து ஒரு பேப்பர் எழுதலாம்னு கேக்கத்தான் ஒன்னக் கூப்பிட்டேன். மந்திரிப்புக்கு வராட்டி என்ன, நீ என்ன எங்கள மாதிரி வேதக்காரியா?"

என் சொந்த மண்டலங்களை, ஆறு வருடம் தினமும் பார்த்தவற்றை, திருப்பி வைத்ததும் நான் அடையாளம் காணவில்லை. அதை அவள் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

வெட்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் ஒன்று சொன்னேன். "நான் திருப்பி எழுதிறன். எல்லாம் சரி, அப்படியே ஏற்கலாம் எண்டு. ஒரு கிழமையில முடிஞ்சிடும். உனக்குச் சிலி கிடைக்கும்."

"வேண்டாம்."

"ரெஜினா, மாதக் கடைசிக்கு இன்னும்..."

"வேண்டாம்ங்கேன்லா. நீ யாருன்னு இப்ப எனக்குத் தெரியும், நான் யாருன்னு உனக்கு எப்பவோ தெரியும். வேண்டாம்னு சொல்லவும் உனக்கு உரிமை இல்ல, சரின்னு சொல்லவும் இல்ல. அந்தப் பிள்ளைகள்ட்ட செவத்துல எழுதி ஒட்டச் சொல்லிட்டு நான் இதச் செய்யவா? இதழ் ஆசிரியருக்கு உண்மைய எழுது. வேற ஆளு பாக்கட்டும்."

வேறு ஆள் என்றால் முதலிலிருந்து. மாதக் கடைசி போய்விடும், இந்த வருடத்து நான்கு இரவும் போய்விடும். அது இருவருக்கும் தெரியும். முத்துலட்சுமியின் கண்ணாடி எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். இப்படி ஒரு வாக்கியத்தை நெஞ்சில் கைவைக்காமல் சாதாரணமாகச் சொல்ல முடிகிறதே இவளுக்கு என்று.

திரும்பி வரும் வழியில் சூசை திருச்செந்தூரில் வண்டியை நிறுத்தி மூன்று டீ வாங்கினான். எனக்குச் சர்க்கரை கூடப் போட்டு வாங்கி வந்தான்.

ஐந்தாம் நாள் காலை, அதே மேசையில் உட்கார்ந்து ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுதினேன். இவர் என் நெருங்கிய தோழி, இதே விஷயத்தில் நானும் எழுதுகிறேன், இரண்டையும் மறைத்தேன், என் அறிக்கையை நீக்கிவிடுங்கள். நாலு வரிதான். முந்தைய அறிக்கை நாலு பக்கம். அனுப்பி முடித்ததும் ரெஜினா தேநீர் கொண்டு வந்து வைத்தாள், நான் கொண்டு வந்த தேயிலையில் போட்டது. "நல்லா இருக்கு, உங்க ஊரு இலை" என்றாள். அவ்வளவுதான். விமான நிலையத்தில் என் அம்மாவுக்கென்று மக்ரூன் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எழுதும் அந்தக் கட்டுரையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நீல நைட்டியைத் துவைத்து மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அவள் கட்டுரை எட்டு மாதம் கழித்து வெளிவந்தது. சிலிக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம், அதுவும் வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், கட்டுரையைத் திறந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போய் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒரே ஒரு இடத்தில். 'இவற்றுள் ஏழு மண்டலங்கள் முந்தைய ஆய்வில் தண்டு அற்றவை எனத் தவறாக வகைப்படுத்தப்பட்டன.' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் பெயரும் ஆண்டும். நான் கேட்டது மூன்று இடம்.

அதற்குக் கீழே நன்றி. கல்லூரிக்கு, பெற்றோருக்கு, தம்பி சூசைக்கு. கடைசியில், 'பெயர் அறியாத இரண்டு நடுவர்களுக்கும்.' இரண்டு என்று போட்டிருந்தாள். கட்டுரைக்கு ஒரு நடுவர்தான் வழக்கம், இன்னொருவர் நீக்கப்பட்ட நான்.

அன்று மாலை, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்குச் செய்தி அனுப்பினேன். வாழ்த்து, அது இது என்று நாலு வரி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் ஒன்றைத்தான் கேட்டேன்: "மற்ற நடுவர் ஆர்?"

உடனே பதில் வந்தது. "தெரியாதுளா. ஆனா ரொம்ப நல்லா படிச்சிருந்தாரு."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.